ரத்தான சான்றிதழ் உள்ளே வருகிறதா? வி.பி.என். பெட்டியைச் சோதிக்கும் வழிகாட்டி

காசோலைப் புத்தகம் தொலைந்தால் வங்கிக் கிளைக்குப் போய், இந்த இலக்கங்களுக்குக் கொடுப்பனவை நிறுத்துங்கள் என்று எழுதிக் கொடுக்கிறோம். கடிதம் கொடுத்ததால் காசோலைத் தாள் அழிந்துவிடுவதில்லை. பார்வைக்கு அது நல்ல காசோலைதான். கருமபீடத்தில் இருப்பவர் நிறுத்தப் பட்டியலைப் பார்த்தால் மட்டுமே திரும்பும். "இன்றைக்குக் கணினி வேலை செய்யவில்லை" என்று சொல்லிக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டால் கடிதம் வீண்.

டிஜிற்றல் சான்றிதழை, அதாவது வலையமைப்பில் ஒருவரை அடையாளம் காட்டும் கோப்பை, ரத்துச் செய்வதும் இப்படியே. விலகிப்போன ஊழியரின் மடிக்கணினியில் இருக்கும் சான்றிதழ், நீங்கள் ரத்துச் செய்த பிறகும் அங்கேயே இருக்கும். வழங்கியவரின் கையெழுத்து சரி, திகதி சரி. அதைத் தடுக்கும் ஒரே இடம் உங்கள் வி.பி.என். பெட்டி (வெளியே இருப்பவரை மறைகுறியாக்கிய வழியால் அலுவலக வலையமைப்புக்குள் விடும் கருவி) அல்லது தீச்சுவர். அது ரத்துப் பட்டியலைப் பார்க்கிறதா, பார்க்க முடியாதபோது என்ன செய்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் முறையே இங்கே சொல்லப்படுகிறது. கொழும்பில் தலைமை அலுவலகமும் வெளியூரில் ஓரிரு கிளைகளும் உள்ள நிறுவனத்தில் வலையமைப்புப் பொறுப்பைப் புதிதாக ஏற்றவரை மனதில் வைத்து எழுதியது.

ஓட்டை எங்கே வருகிறது

பெட்டி ஒரு சான்றிதழைக் கையில் வாங்கியதும் நான்கு விடயங்களைப் பார்க்கவேண்டும்: கையெழுத்து, காலம், எந்தப் பயன்பாட்டுக்கு வழங்கப்பட்டது, ரத்தாகியதா. முதல் மூன்றுக்கும் விடை சான்றிதழுக்குள்ளும் பெட்டிக்குள்ளும் இருக்கிறது. நான்காவதற்கு மட்டும் வெளியே கேட்கவேண்டும். கேட்க இரண்டு வழிகள். ஒன்று சி.ஆர்.எல்.: ரத்தான சான்றிதழ் இலக்கங்களின் முழுப் பட்டியலையும் இறக்கிக்கொள்வது. மற்றது ஓ.சி.எஸ்.பி.: ஒரு சான்றிதழைக் குறித்து மட்டும் உடனுக்குடன் கேட்பது. வெளியே கேட்கும் எந்த வேலையிலும் பதில் வராமல் போகலாம், அரைகுறையாக வரலாம், பொய்யாகவும் வரலாம். நிரலெழுதியவர் அவற்றில் ஒன்றை "பிரச்சினையில்லை" என்று எடுத்துக்கொண்டால் அதுதான் ஓட்டை. பாதிப்பு வகைப்பட்டியலில் இதற்கு சி.டபிள்யூ.இ. 299 என்று இலக்கமே உண்டு.

மூன்று உண்மையான உதாரணங்கள். இணைய சேர்வர் மென்பொருளான அப்பாச்சி டொம்கற்றின் நேற்றிவ் இணைப்பியில் 2018 இல் வெளியான பாதிப்பில், சான்றிதழிலுள்ள ஓ.சி.எஸ்.பி. முகவரிப் பகுதி 127 பைற்றுக்கு மேல் நீண்டால் சோதனையே தவிர்க்கப்பட்டது. காரணம் சின்னது: சான்றிதழ் குறியாக்கத்தில் 127 வரையான நீளத்தை ஒரு பைற்றில் எழுதலாம், அதற்கு மேல் கூடுதல் பைற்றுகள் வேண்டும், நிரல் அந்த இரண்டாவது வடிவத்தைச் சரியாக வாசிக்கவில்லை. இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கும் கேர்ல் மென்பொருளில் 2024 செப்டெம்பரில் வெளியானது வேறு மாதிரி: குனூ ரி.எல்.எஸ். நூலகத்தோடு கட்டப்பட்ட 7.41.0 முதல் 8.9.1 வரையான பதிப்புகள், பதில் "ரத்து" என்று வந்தால் மட்டும் மறுத்தன. "உங்களுக்குப் பதில் சொல்ல அனுமதியில்லை" போன்ற பிழை வந்தால் அனுமதித்தன. மறைகுறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.0 முதல் 3.0.2 வரை, ஒரு குறிப்பிட்ட தெரிவோடு அழைக்கப்பட்டால், ஓ.சி.எஸ்.பி. பதிலில் கையெழுத்திட்ட சான்றிதழ் செல்லாததாக இருந்தும் "சரி" என்றது. 2022 மே மாதம் 3.0.3 இல் திருத்தினார்கள்.

விலையுயர்ந்த பெட்டி என்பதால் உள்ளே வேறு உலகம் இருக்கும் என்று எண்ணவேண்டாம். பெரும்பாலும் லினக்ஸும் இதே போன்ற நூலகங்களும்தான்.

படி 1: அறிவித்தலை வாசித்தல்

உற்பத்தியாளரின் பாதுகாப்பு அறிவித்தல் வந்தால் ஓட்டையின் தீவிரத்துக்குக் கொடுத்த புள்ளியைப் பார்த்துவிட்டு மூடிவைப்பது வழக்கம். ரத்துச் சோதனை ஓட்டைகளுக்குப் பெரும்பாலும் நடுத்தரப் புள்ளியே கிடைக்கும், ஏனென்றால் தாக்குபவரிடம் ஏற்கனவே ஒரு சான்றிதழும் அதன் இரகசியச் சாவியும் இருக்கவேண்டும். ஆனால் அந்தப் புள்ளி உங்கள் நிறுவனத்தில் எத்தனை மடிக்கணினிகள் திரும்பி வரவில்லை என்பதை அறியாது. அந்த எண்ணிக்கை உங்களுக்குத்தான் தெரியும்.

அறிவித்தலில் தேடவேண்டியவை: எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்பு வரை, முதலில் திருத்தப்பட்ட பதிப்பு எது, எந்த அமைப்பு இயக்கத்தில் இருந்தால் பாதிப்பு. மிக முக்கியமாக, எந்தத் திசை. பெட்டி சேர்வராக இருந்து பயனர்களின் சான்றிதழைச் சோதிப்பது ஒரு திசை. பெட்டியே வாடிக்கையாளராகப் போய் அப்டேட் சேர்வரையோ கோப்பகச் சேர்வரையோ சோதிப்பது மறுதிசை. சி.ஆர்.எல். சரியாக வேலை செய்து ஓ.சி.எஸ்.பி. மட்டும் பழுதாக இருக்கும் அறிவித்தல்களும் உண்டு. உங்கள் பெட்டியில் எது இயங்குகிறது என்று தெரியாமல் "எங்களுக்குப் பாதிப்பில்லை" என்று மின்னஞ்சல் போடாதீர்கள்.

படி 2: சோதனைக்கூடம்

8 ஜி.பி. நினைவகமுள்ள மடிக்கணினியும் மெய்நிகர் இயந்திர மென்பொருளும் போதும். உற்பத்தியாளர் பரீட்சார்த்த மெய்நிகர்ப் பதிப்புத் தந்தால் உங்கள் பெட்டியில் இருக்கும் அதே பதிப்பு இலக்கத்தையே எடுங்கள். இல்லாவிட்டால் ஓப்பன்வி.பி.என். அல்லது ஸ்ட்ரோங்ஸ்வான் என்ற வி.பி.என். மென்பொருள் போட்ட சின்னக் கணினியில் பழகிவிட்டுப் பிறகு உண்மைப் பெட்டிக்கு வாருங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தேடி வாங்கும் பழைய மினி கணினியே தாங்கும். இயங்கும் பெட்டியில் சோதிப்பதானால் எழுத்து மூல அனுமதி வாங்குங்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அனுமதியற்ற அணுகலைக் குற்றமாக்குகிறது. "சோதித்துத்தான் பார்த்தேன்" என்பது நல்ல விளக்கமல்ல.

லங்காசைன் போன்ற வழங்குநரிடம் வாங்கிய சான்றிதழை விளையாட்டுக்கு ரத்துச் செய்ய முடியாது. ஆகவே சோதனைக்கென்று சொந்த சான்றளிப்பு அமைப்பு ஒன்றை ஓப்பன்எஸ்எஸ்எல்லில் உருவாக்குங்கள். ஒரு வேர்ச் சான்றிதழ், அதற்குக் கீழே இரண்டு இடைநிலைச் சான்றிதழ்கள், பெட்டிக்கு ஒன்று, பயனர்களுக்கு மூன்று. பயனர் சான்றிதழ்களுக்குப் புகையிரத நிலையப் பெயர் வைத்தால் குழப்பம் வராது:

- கோட்டை: முதலாம் இடைநிலையில் வழங்கியது, கடைசி வரை நல்லது.
- மருதானை: முதலாம் இடைநிலையில் வழங்கியது, பின்னர் ரத்தாகப் போவது.
- வெள்ளவத்தை: இரண்டாம் இடைநிலையில் வழங்கியது. இது நல்லது, ஆனால் இதை வழங்கிய இடைநிலையே ரத்தாகப் போகிறது.

சான்றிதழ் வழங்கும் முன்பே சி.ஆர்.எல். முகவரியை அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கவேண்டும். பிறகு சேர்க்க வழியில்லை. கையெழுத்திட்ட சான்றிதழில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அந்த முகவரி சாதாரண எச்.ரி.ரி.பி., 80 ஆம் போர்ட். எச்.ரி.ரி.பி.எஸ். போடத் தோன்றும், போடவேண்டாம்: பட்டியலை இறக்கப் போகும் தளத்தின் சான்றிதழைச் சோதிக்க இன்னொரு பட்டியல் தேவைப்பட்டுச் சுழலில் மாட்டும். பட்டியலே கையெழுத்திடப்பட்டது என்பதால் திறந்த வழியில் வருவதில் ஆபத்தில்லை. எச்.ரி.ரி.பி. வழியாகக் கொடுக்கும் பட்டியல் இரும வடிவான டி.இ.ஆர். ஆக இருக்கவேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் இயல்பாகத் தருவது எழுத்து வடிவான பி.இ.எம்.; மாற்றாமல் வைத்தால் சில பெட்டிகள் வாசிக்காமல் பேசாமல் இருந்துவிடும்.

புதியவர்கள் அதிகம் தவறும் இடம் இது: ரத்துக் கட்டளை கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது. அந்தக் கட்டளை சான்றளிப்பு அமைப்பின் பதிவுக் கோப்பில் அந்த வரியின் முதல் எழுத்தை "வி" யிலிருந்து "ஆர்" ஆக மாற்றும், அவ்வளவுதான். புதிய சி.ஆர்.எல்.லை நீங்கள்தான் தனிக் கட்டளையால் உருவாக்கி, டி.இ.ஆர். ஆக்கி, சேர்வரில் ஏற்றவேண்டும். வேருக்கும் இடைநிலைகளுக்கும் தனித்தனிப் பட்டியல். பட்டியலின் ஆயுளை நாட்களுக்குப் பதிலாக மணித்தியாலத்தில் கொடுக்கும் தெரிவும் உண்டு; சோதனைக்கு 1 மணித்தியாலம் வையுங்கள், காலாவதிச் சோதனைக்காக ஒரு மாதம் காத்திருக்கவேண்டியதில்லை.

பெட்டியைத் தொடும் முன் மடிக்கணினியிலேயே சரிபாருங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சரிபார்ப்புக் கட்டளையை முழுச் சங்கிலிக்குமான ரத்துச் சோதனைத் தெரிவோடு கொடுங்கள். இறுதிச் சான்றிதழை மட்டும் பார்க்கும் தெரிவு வெள்ளவத்தையைப் பிடிக்காது. வரும் பிழை எண்ணே கதை சொல்லும்: 23 என்றால் ரத்தானது, 12 என்றால் பட்டியல் காலாவதி, 11 என்றால் பட்டியல் இன்னும் தொடங்கவில்லை, 8 என்றால் பட்டியலின் கையெழுத்துப் பிழை, 3 என்றால் பட்டியலே கிடைக்கவில்லை.

படி 3: கடிகாரம்

சி.ஆர்.எல்.லில் உள்ள நேரங்கள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கொழும்பு 5 மணி 30 நிமிடம் முன்னால். "அடுத்த புதுப்பிப்பு 18:30" என்றால் நமக்கு நள்ளிரவு 12. பலர் பெட்டியின் நேர வலயத்தைக் கிரீன்விச்சிலேயே விட்டுவிட்டு, திரையில் கொழும்பு நேரம் தெரியவேண்டும் என்று மணியைக் கையால் நகர்த்தி வைப்பார்கள். அப்போது பெட்டி உண்மையிலேயே ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் வாழும். 6 மணித்தியால ஆயுளுள்ள பட்டியல் அதன் கண்ணுக்கு அரை மணியில் செத்துவிடும்.

எதிர்த்திசையும் நடக்கும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு பழைய பெட்டி எழும்போது, தாய்ப்பலகையிலுள்ள சி.ஆர்.2032 பற்றரி தீர்ந்திருந்தால், கடிகாரம் பல வருடம் பின்னே போயிருக்கும். அப்போது 11 ஆம் பிழை. 3 வோல்ட் பற்றரியை மாற்றி, நேரத்தை ஒத்திசைக்கும் என்.ரி.பி.க்கு யூ.டி.பி. 123 ஆம் போர்ட்டைத் திறந்து, வலயத்தை ஆசியா-கொழும்பு என்று வையுங்கள். இதைச் சரிசெய்யாமல் செய்யும் எந்தச் சோதனையின் முடிவும் நம்பத்தக்கதல்ல.

படி 4: சோதனைகள்

முதலில் எதையும் ரத்துச் செய்யாமல் மூன்று சான்றிதழாலும் உள்ளே வாருங்கள். மூன்றும் வரவேண்டும். இதை விட்டால், பின்னர் மருதானை மறுக்கப்படும்போது அது ரத்தினாலா, கோப்பு பிழையாகப் போட்டதினாலா என்று தெரியாது.

இப்போது மருதானையை ரத்துச் செய்து, புதிய பட்டியலை ஏற்றி, பெட்டியின் சி.ஆர்.எல். தற்காலிகச் சேமிப்பைத் துடைத்துவிட்டு முயலுங்கள். துடைக்காவிட்டால் பழைய பட்டியலை அதன் காலம் முடியும் வரை பெட்டி வைத்திருக்கலாம். அது ஓட்டையல்ல, இயல்பு. மறுக்கப்பட்டால் பதிவேட்டைத் திறந்து காரணம் "ரத்து" என்றே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கோட்டை தொடர்ந்து உள்ளே வரவேண்டும்.

பெரும்பாலான பெட்டிகள் இதுவரை தேறும். சறுக்குவது இதற்குப் பிறகு.

பட்டியல் சேர்வரை நிறுத்துங்கள். இரண்டு விதமாக நிறுத்தவேண்டும்: சேர்வர் நிரலை மூடி இணைப்பு உடனே மறுக்கப்படும்படி ஒருமுறை, தீச்சுவர் விதியால் பொதிகளை விழுங்கிப் பதிலே வராதபடி இன்னொரு முறை. இரண்டும் நிரலில் வெவ்வேறு பாதைகள். ஒன்றில் மறுத்து மற்றதில் அனுமதிக்கும் பெட்டி இருக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு முறையும் சேமிப்பைத் துடைத்து மருதானையால் முயலுங்கள். உள்ளே வந்தால் அது மென்போக்கு: பதிலில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறது. கோட்டையும் மறுக்கப்பட்டால் வன்போக்கு.

ஒரு மணித்தியாலம் கடந்து பட்டியல் காலாவதியானதும் மறுபடி முயலுங்கள். ஓப்பன்வி.பி.என். 2.4 முதல் காலாவதியான பட்டியலைக் கண்டால் எல்லாரையும் மறுக்கும். சான்றிதழ் வழங்கும் கருவியான ஈசி-ஆர்.எஸ்.ஏ. தரும் பட்டியலின் இயல்பு ஆயுள் 180 நாள் என்பதால், அமைத்து ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் ஒருவருக்கும் வி.பி.என். கிடைக்காமல் போவதற்கு இதுவே வழக்கமான காரணம். எரிச்சல்தான், ஆனாலும் திறந்த கதவைவிட மேல்.

பட்டியல் கோப்பின் கடைசி பைற் ஒன்றை மாற்றி ஏற்றுங்கள். கையெழுத்து உடையும், பெட்டி அதை ஏற்கக்கூடாது.

ஓ.சி.எஸ்.பி. பயன்படுத்தினால் இன்னும் கவனம். அதன் முறையான பதில்களில் கையெழுத்து உண்டு, பிழைப் பதில்களில் இல்லை. ஆகவே இடையில் இருக்கும் எவரும் "பிறகு முயலுங்கள்" என்று சொல்லிவிடலாம். பாதுகாப்பு ஆய்வாளர் மொக்ஸி மார்லின்ஸ்பைக் 2009 இல் காட்டியது இதைத்தான். அந்தப் பதிலை நீங்களே செய்யலாம், மொத்தம் 5 பைற்றுகள்: தசம எண்ணில் 48, 3, 10, 1, 3. கடைசி 3 தான் "பிறகு முயலுங்கள்". அதை 6 ஆக்கினால் "அனுமதியில்லை", 2 ஆக்கினால் "உள் பிழை". இந்த ஐந்து பைற்றையும் ஓ.சி.எஸ்.பி. பதிலுக்குரிய உள்ளடக்க வகையோடு திருப்பித் தரும் சிறு எச்.ரி.ரி.பி. நிரலைப் பைத்தனில் இருபது வரிக்குள் எழுதலாம். மூன்றையும் தனித்தனியே மருதானை மீது முயலுங்கள். "தெரியாது" என்ற பதிலும் உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சொந்த ஓ.சி.எஸ்.பி. சேர்வரை இயக்கி, பதிவுக் கோப்பில் இல்லாத இலக்கமுள்ள சான்றிதழைக் கொண்டுவந்தால் அது கிடைக்கும்.

வெள்ளவத்தைக்கு வருவோம். அதை வழங்கிய இரண்டாம் இடைநிலையை வேரின் பட்டியலில் ரத்துச் செய்துவிட்டு முயலுங்கள். உள்ளே வந்தால் பெட்டி இறுதிச் சான்றிதழை மட்டுமே பார்க்கிறது.

கடைசியாக, மருதானையை ரத்துச் செய்யும் முன் இணைத்துவிட்டு, இணைப்பு இருக்கும்போதே ரத்துச் செய்யுங்கள். எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறது என்று கடிகாரம் பிடியுங்கள். ஓப்பன்வி.பி.என்.னில் சாவி மறுபேச்சு (மறைகுறியாக்கச் சாவியை மாற்றி மறுபடி சரிபார்ப்பது) இயல்பாக 3600 விநாடிக்கு ஒருமுறை. ஆகவே ஒரு மணி வரை தாக்குப்பிடிக்கும். மறைகுறியாக்க நெறிமுறையான ரி.எல்.எஸ். 1.3 இன் மீள்தொடர்ச் சீட்டு (விட்ட இணைப்பை முழுச் சோதனையின்றித் தொடர உதவுவது) அதிகபட்சம் 7 நாள் செல்லும். அதைப் பயன்படுத்தும் பெட்டி மீள்தொடரும்போது சான்றிதழை மறுபடி பார்க்காவிட்டால் ரத்து வேலை செய்ய ஒரு வாரம்கூட ஆகலாம். ஊழியரை நீக்கும்போது சான்றிதழை ரத்துச் செய்வதோடு இயங்கும் இணைப்பையும் கையால் வெட்டுங்கள்.

படி 5: கண்டிப்பாக்குதல்

மென்போக்கு பல வேளைகளில் ஓட்டையே அல்ல, அமைப்புத் தெரிவு. சிஸ்கோ பெட்டியில் ரத்துச் சோதனை வரியின் கடைசியில் "நன்" (none) என்று இருந்தால், பட்டியல் கிடைக்காதபோது அனுமதி என்று பொருள். அந்தச் சொல்லை எடுக்கவேண்டும். பாலோ ஆல்ட்டோவின் சான்றிதழ்ச் சுயவிவரத்தில் "நிலை தெரியாவிட்டால் தடு", "நேரத்துக்குள் நிலை கிடைக்காவிட்டால் தடு" என்று தனித்தனித் தெரிவுக் கட்டங்கள்; இரண்டையும் தெரிவு செய்யுங்கள். ஃபோர்ட்டிநெட்டில் கண்டிப்பான சி.ஆர்.எல்., கண்டிப்பான ஓ.சி.எஸ்.பி. என்று தனித் தெரிவுகள் உண்டு. ஸ்ட்ரோங்ஸ்வானில் இயல்பு தளர்வானது, கண்டிப்புக்கு மாற்றவேண்டும்.

மாற்றும் முன் பட்டியல் கிடைக்கும் வழியைப் பாருங்கள், இல்லையேல் எல்லாரும் வெளியே நிற்பார்கள். யாழ்ப்பாணக் கிளைப் பெட்டி கொழும்போடு சுரங்கம் (இணையத்தின் ஊடான மறைகுறியாக்கிய இணைப்பு) அமைக்கப் பட்டியல் தேவை. பட்டியலோ கொழும்பில் சுரங்கத்துக்கு உள்ளே இருக்கிறது. திறப்பை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. பட்டியல் சுரங்கமில்லாமலே எட்டும் முகவரியில் இருக்கவேண்டும், முடிந்தால் இரண்டு முகவரிகளில். பெட்டியின் நிருவாக இடைமுகத்திலிருந்து வெளியே 80 ஆம் போர்ட் அடைக்கப்பட்டிருப்பதும் அடிக்கடி காணும் தவறு. லினக்ஸில் ஓப்பன்வி.பி.என். குறைந்த உரிமையுள்ள பயனராக இயங்கினால், அந்தப் பயனரால் சி.ஆர்.எல். கோப்பை வாசிக்க முடியவேண்டும்.

பொதுச் சான்றிதழ்களைச் சோதிக்கும் திசையில் இன்னொரு மாற்றம். இலவசச் சான்றிதழ் வழங்குநரான லெற்ஸ் என்கிரிப்ற் தன் ஓ.சி.எஸ்.பி. சேவையை 2025 ஓகஸ்ட் 6 இல் நிறுத்திவிட்டது. அதன் புதிய சான்றிதழ்களில் அந்த முகவரியே இல்லை. ஓ.சி.எஸ்.பி.யை மட்டும் நம்பும் பெட்டி, கேட்க முகவரி இல்லை என்று சும்மா விட்டுவிடலாம். சி.ஆர்.எல்.லையும் இயக்குங்கள்.

படி 6: திருத்தப் பதிப்பு

கண்டிப்புத் தெரிவு போட்ட பிறகும் மருதானை உள்ளே வந்தால் அது மென்பொருள் ஓட்டை. திருத்தப் பதிப்பே மருந்து. அமைப்பைப் பிரதியெடுத்துப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். பதிப்பிலிருந்து பதிப்புக்கு நேரே தாவலாமா, இடையில் தரித்துப் போகவேண்டுமா என்று உற்பத்தியாளரின் அட்டவணையில் பாருங்கள். இரட்டைப் பெட்டியாக இருந்தால் காத்திருக்கும் பெட்டியில் முதலில். அலுவலகங்களுக்குப் போயா தினம் வசதி. விடுதியோ வைத்தியசாலையோ என்றால் அதிகாலை. திருத்தியதும் நான்காம் படியை முதலிலிருந்து செய்யுங்கள், ஏனென்றால் மேம்படுத்தலில் தெரிவுகள் இயல்பு நிலைக்குத் திரும்புவது புதிதல்ல.

அன்றைக்கே திருத்த முடியாவிட்டால் இடைக்கால வழி: சான்றிதழோடு பயனர் பெயரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் கேட்கும்படி செய்து, விலகியவர்களின் கணக்குகளைக் கோப்பகத்தில் முடக்குங்கள். ரத்தான சான்றிதழோடு யாரோ ஏற்கனவே வந்துபோயிருக்கலாம் என்ற சந்தேகமிருந்தால், ரத்தான இலக்கங்களை எடுத்து வி.பி.என். பதிவேட்டில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பெட்டி அந்த இலக்கத்தைப் பதினறும வடிவில் எழுதியிருக்கும், சில பெட்டிகள் தசமத்தில், இரண்டிலும் தேடவேண்டும். ஒன்று அகப்பட்டாலும் பதிவேட்டைப் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்தி, கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் சிறீலங்கா சேர்ட்டுக்கு அறிவியுங்கள்.

சோதனை முடிந்த அன்றே பெட்டியின் நம்பிக்கைப் பட்டியலிலிருந்து சோதனை வேர்ச் சான்றிதழை நீக்கிவிட்டு, கோட்டைச் சான்றிதழால் ஒருமுறை உள்ளே வர முயலுங்கள். இந்தத் தடவை அதுவும் மறுக்கப்படவேண்டும்.